ஓட்டாஞ்சில்லு சொல்லும் கணக்கு

உச்சிப்புளி ரயில் நிலையத்தில் இறங்கி வடக்கே போனால் பாக் நீரிணை. தெற்கே போனால் மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர் அகலத்தில் மணலும் பனையும் கண்மாயுமாக ஒடுங்கிக் கிடக்கிறது நிலம். வடக்குப் பக்கம், வைகை கடலைத் தொடும் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில், சைக்கிளில் போய்வரும் தூரத்தில் அழகன்குளம். 1986-87இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கே மண்வெட்டி பிடித்தது. அதற்குப் பிறகும் பல பருவங்கள் தோண்டினார்கள், 2016-17இலும் தோண்டினார்கள். ரோமானியக் காசுகள், தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்து கீறிய ஓடுகள், கங்கைச் சமவெளியின் கறுப்பு மெருகுப் பானைத் துண்டுகள், சங்கு வளையல்கள், பாசிமணிகள் எல்லாம் வெளியே வந்தன. பாண்டியரின் துறைமுகம் ஒன்று இங்கே இருந்திருக்கிறது. சங்க இலக்கியம் பேசும் மருங்கூர்ப்பட்டினம் இதுதான் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லித்தரும் பெற்றோர் இப்போது தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். கணக்கைச் சந்தையில் சொல்லித்தந்துவிடலாம், அறிவியலை அடுக்களையில் காட்டிவிடலாம். வரலாறு வந்தால் மட்டும் அவர்களும் புத்தகத்தை விரித்து வாசித்துக் காட்டத் தொடங்கிவிடுகிறார்கள். செய்துபார்க்க அதில் என்ன இருக்கிறது என்று நினைப்பு. நிறைய இருக்கிறது. அழகன்குளத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி உடைந்த பானை ஓடுகளிடமிருந்து கறந்தது. கறப்பதற்குப் பயன்பட்டவை நெருப்பு, ஒரு ஸ்கேல், கொஞ்சம் கணக்கு, நிறையப் பொறுமை. இந்த நான்கும் எந்த வீட்டு முற்றத்திலும் கிடைக்கும். செய்துபார்த்துப் பழசைப் புரிந்துகொள்ளும் இந்த வழிக்குச் செய்முறைத் தொல்லியல் என்று பெயர். பெரிய ஆராய்ச்சியாளர்களும் பயன்படுத்தும் வழி இது.

ஒரு குவளையிலிருந்து தொடங்கலாம். கோடையில் கண்மாய் வற்றியதும் அடியில் வெடித்துக் கிடக்கும் களிமண்ணில் ஒரு கூடை போதும். ஊறவைத்து, சல்லியையும் வேரையும் பொறுக்கி, கொஞ்சம் மெல்லிய மணல் சேர்த்து மிதிக்க வேண்டும். சக்கரம் வேண்டாம், தேங்காய்ச் சிரட்டைக்குள் மண்ணை அழுத்தினாலே குவளை வந்துவிடும். வந்த குவளையை நிழலில் ஒரு வாரமாவது காயவிடுங்கள். இங்கே அவசரப்பட்டால் மண்ணுக்குள் தங்கிய ஈரம் நெருப்பில் நீராவியாகும். நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு பருக்கும். அத்தனை ஆவிக்கும் களிமண்ணின் நுண்துளைகளில் இடம் ஏது? குவளை பட்டென்று வெடிக்கும்.

காய்ந்த குவளையைத் தண்ணீரில் போட்டால் மறுபடி சேறாகிவிடும். சுட்ட குவளை ஆகாது. நடுவில் என்ன நடந்தது? களிமண்ணில் இரண்டு விதமாகத் தண்ணீர் இருக்கிறது. ஒன்று, துகள்களுக்கு இடையே சும்மா தங்கியிருப்பது. அது வெயிலிலேயே போய்விடும். இன்னொன்று, துகளின் அமைப்புக்குள்ளேயே வேதியியல் முறையில் பிணைந்திருப்பது. அதை வெளியேற்ற 500, 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஒருமுறை வெளியேறிவிட்டால் ஊறவைத்தெல்லாம் திரும்பச் சேர்க்க முடியாது. மண், கல்லாகிவிட்டது. ஈராயிரம் ஆண்டு மழையும் உப்புக்காற்றும் அழகன்குளத்து ஓடுகளைக் கரைக்க முடியாமல் போனது இதனால்தான்.

இப்போது சூளை. பெரியவர்கள் கட்டாயம் கூட இருக்க வேண்டும். முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. அதில் வரட்டி, காய்ந்த தேங்காய் மட்டை, பனையோலை. ஒரு குவளையை வாய் மேலே பார்க்க வையுங்கள். இன்னொன்றுக்குள் உமியை அடைத்து, கவிழ்த்து, வாய் விளிம்பு சாம்பலுக்குள் புதையும்படி அமுக்குங்கள். மூட்டிவிட்டு மறுநாள் காலை வரை தொடாதீர்கள்.

ஆறிய பிறகு எடுத்துப் பாருங்கள். மேலே பார்த்த குவளை முழுக்கச் சிவப்பு. கவிழ்த்தது வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. மண் ஒன்று, நெருப்பு ஒன்று, நிறம் மட்டும் இரண்டு. களிமண்ணில் உள்ள இரும்பு, காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் செம்மை. துருவின் குடும்பத்து நிறம் அது. கவிழ்ந்த குவளைக்குள் காற்று போகவில்லை. உமி எரிய முடியாமல் புகைந்தது. அந்தப் புகையின் கரி, சுவரின் நுண்துளைகளுக்குள் ஏறிப் படிந்தது. தமிழகத்து இரும்புக்காலப் புதைகுழிகளிலும் சங்ககால ஊர்களிலும் ஆயிரக்கணக்கில் கிடைக்கும் கருப்பு-சிவப்புப் பானைகள் இப்படிக் கவிழ்த்துச் சுட்டவை என்பதே பரவலான விளக்கம். நம்பாவிட்டால் சோதிக்கலாம்: கறுத்த குவளையை வாய் மேலே பார்க்க வைத்து மறுபடி சுடுங்கள். காற்றுப் பட்டதும் கரி எரிந்து தீர, உள்ளேயும் சிவந்துவிடும். உடைந்த விளிம்பைப் பார்த்தே அன்று சூளையில் காற்று எந்தப் பக்கம் இருந்தது என்று பத்து வயதுப் பிள்ளை சொல்லிவிடும். எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பிடித்த இடம் இதுதான். எப்போதோ செத்துப்போன ஒரு குயவரின் ஓர் இரவு வேலையை நாம் இன்று எட்டிப் பார்க்கிறோம்.

முதல் சூளையில் சில குவளைகள் விரிசல் விடும். எறிய வேண்டாம், அடுத்த சோதனைக்கு ஓட்டாஞ்சில்லு தேவை. வாய் விளிம்பு உள்ள ஒரு சில்லை எடுங்கள். இது எவ்வளவு பெரிய பாத்திரத்தின் துண்டு? தொல்லியலார் வட்டங்கள் வரைந்த ஓர் அட்டையில் விளிம்பை வைத்துப் பொருத்திப் பார்ப்பார்கள். அட்டை இல்லாமலும் முடியும். விளிம்பின் இரு முனைகளுக்கும் இடையே ஸ்கேலை நேராக வையுங்கள். 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேலுக்கும் வளைவின் உச்சிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? 1 செ.மீ. முதல் எண்ணை வர்க்கப்படுத்தி, இரண்டாவது எண்ணின் நான்கு மடங்கால் வகுத்து, இரண்டாவது எண்ணைக் கூட்டுங்கள். 100-ஐ நான்கால் வகுத்தால் 25, ஒன்றைக் கூட்டினால் 26. பாத்திரத்தின் வாய் 26 செ.மீ. அகலம். சாப்பாட்டுத் தட்டு அளவு. உள்ளங்கைக்குள் அடங்கும் சில்லு, முழுத் தட்டையும் காட்டிக்கொடுத்துவிட்டது.

அழகன்குளத்தில் கிடைத்த ஒருவகைத் தட்டு, தொல்லியலாரை அரை நூற்றாண்டு அலைக்கழித்தது. மெல்லிய, வழவழப்பான தட்டு. உட்புறத்தில் வட்டம் வட்டமாகப் பொடிப் புள்ளிகளின் வரிசை. ரௌலட்டட் ஓடு என்பார்கள், அதாவது புள்ளிவரிசை அலங்காரம் போட்ட ஓடு. 1945இல் புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டைத் தோண்டிய தொல்லியலார் மார்ட்டிமர் வீலர், இந்த வேலைப்பாட்டின் மூலத்தை மத்தியதரைக்கடல் பக்கம் தேடினார். ரோமானியச் சரக்கு கிடைத்த இடத்தில் கிடைத்ததால் அப்படித் தோன்றியது. பிற்பாடு களிமண்ணின் வேதியியல் கையொப்பத்தை, அதாவது எந்தத் தனிமம் எந்த அளவில் கலந்திருக்கிறது என்பதை, அளந்து பார்த்தார்கள். மண் இந்தியத் துணைக்கண்டத்து மண்ணாக இருந்தது. ஆய்வாளர்கள் கைகாட்டியது கங்கையின் கழிமுகம், இன்றைய வங்கத்தின் சந்திரகேதுகர் பக்கம். இதே தட்டு இலங்கையின் அனுராதபுரத்தில் கிடைத்திருக்கிறது. இங்கிருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பாலித் தீவின் செம்பிரானிலும் கிடைத்திருக்கிறது. உச்சிப்புளி பக்கத்துச் சாப்பாட்டுத் தட்டும் பாலித் தீவின் தட்டும் ஒரே சந்தைச் சரக்கு.

புள்ளிகளை எப்படிப் போட்டார்கள்? இரண்டு கருத்துகள் உண்டு. பல்சக்கரம் ஒன்றை ஈரமண்ணில் உருட்டினார்கள் என்பது ஒன்று. சுழலும் தட்டின்மேல் வளையும் தகட்டைப் பிடித்தால் அது துள்ளித் துள்ளிக் குத்தும், அப்படி வந்தது என்பது இன்னொன்று. வீட்டில் கெட்டுப்போன கடிகாரத்தின் பல்சக்கரம் இருந்தால் முதலாவதைச் செய்துபார்க்கலாம். ஒரு பல்லை மட்டும் ஒடித்துவிட்டு உருட்டுங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் அதே இடைவெளியில் ஒரு புள்ளி விட்டுப்போகும். விடுபட்ட இடங்களுக்கு நடுவே உள்ள புள்ளிகளை எண்ணினால், சக்கரத்தைக் கண்ணால் பார்க்காமலேயே அதற்கு எத்தனை பல் என்று தெரிந்துவிடும்.

அடுத்து, எழுத்து. சுட்ட ஓட்டில் கூரான ஆணியால் பெயரைக் கீறச் சொல்லுங்கள். வளைவான எழுத்துகளில் ஆணி வழுக்கும். நேர்கோடுகள் சுலபமாக விழும். தமிழியின் எழுத்துகள் பலவும் நேர்கோட்டுக்காரர்கள். ‘க’ வெறும் கூட்டல் குறிதான். இந்த எழுத்துகளைப் பார்த்தவர்கள் நெடுங்காலம் அவற்றைப் பிராகிருதமாகவோ பாலியாகவோ படிக்க முயன்று திணறினார்கள். 1924இல் கல்வெட்டறிஞர் கே. வி. சுப்பிரமணிய ஐயர், இதே எழுத்தில் உள்ள குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ் என்று காட்டினார். ழ, ள, ற, ன ஆகியவற்றுக்குத் தனி வடிவங்கள் அதில் இருப்பதைக் கண்டுகொண்டது அவருடைய சாமர்த்தியம். வடக்கத்திப் பிராமி நெடுங்கணக்கில் இந்த நான்குக்கும் இடம் கிடையாது.

தொடக்ககாலத் தமிழியில் புள்ளியும் இல்லை. மெய்யா உயிர்மெய்யா என்று படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். பிள்ளைகளோடு இதை ஒரு விளையாட்டாக்கலாம்: ‘அபபா கடைககுப போனார’ என்று எழுதிக் கொடுங்கள். ஒரு நொடி திகைத்துவிட்டு ஓடும் ரயில் மாதிரி படித்துவிடுவார்கள். மொழி தெரிந்தவனுக்குப் புள்ளி இல்லாதது பெரிய தடையில்லை. ஆனால் அறிமுகமில்லாத ஓர் ஆளின் பெயரை அப்படி எழுதிப் பாருங்கள், வீட்டுக்குள்ளேயே மூன்று பாடம் கிளம்பும். ஓட்டில் இருப்பவை பெரும்பாலும் ஆட்பெயர்கள். எழுத்தறிஞர்கள் ஏன் ஓயாமல் சண்டை போடுகிறார்கள் என்பது அப்போது விளங்கும். இதே மாவட்டத்தில் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றம், கல்வெட்டைப் படிக்கவும் படியெடுக்கவும் மாணவர்களைப் பழக்கியிருக்கிறது. கையில் மை ஒட்டிய பிள்ளைக்குக் கல்வெட்டு பரீட்சைக் கேள்வியாகத் தெரியாது.

சில்லுகளையெல்லாம் இப்போது புதையுங்கள். கொல்லையில் ஒரு மீட்டர் சதுரம். அடியில் சில சில்லு, மேலே செம்மண், அதன்மேல் வேறு சில்லு, அதன்மேல் மணல், சாம்பல். ஒரு மழைக்காலம் போகட்டும். தை பிறந்ததும் இதைப் புதைக்காத பிள்ளையைத் தோண்டச் சொல்லுங்கள், கரண்டியும் தூரிகையும் கொடுத்து. சட்டம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு சில்லையும் எடுப்பதற்கு முன்பு மூன்று எண்களைக் குறிக்க வேண்டும்: மேற்குச் சுவரிலிருந்து எவ்வளவு, தெற்குச் சுவரிலிருந்து எவ்வளவு, ஆழம் எவ்வளவு. முடிந்ததும் நோட்டை மட்டும் மூன்றாவது ஆளிடம் கொடுங்கள். அந்த எண்களை வைத்தே அவர் குழியைத் தாளில் மறுபடி கட்டியெழுப்பிவிடுவார். அடியில் இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. எலி வளை தோண்டியிருந்தால் கணக்குக் கொஞ்சம் புரளும். உண்மையான அகழாய்விலும் எலிகள் இதே வேலையைத்தான் செய்கின்றன.

முந்தியது பிந்தியது தெரிந்துவிட்டது. எத்தனை ஆண்டு முந்தியது? இதற்கு ஒரு படி புளியங்கொட்டை போதும். தாயம் விளையாடத் தேய்ப்பதுபோல ஒரு பக்கம் வெள்ளையாகும்வரை 64 கொட்டைகளைத் தேய்த்துக்கொள்ளுங்கள். மொத்தமாகக் குலுக்கிப் போடுங்கள். வெள்ளை மேலே பார்ப்பவற்றை எடுத்துவிடுங்கள். மிச்சம் ஏறக்குறைய 32. மறுபடி போட்டால் 16 பக்கம், அடுத்து 8 பக்கம். எந்தக் கொட்டை எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது; கூட்டத்தில் பாதி போகும் என்பதை மட்டும் சொல்லிவிடலாம்.

கார்பன்-14 என்ற அணுவும் இப்படித்தான். மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து அதைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. அளவு அற்பம்: ஒரு லட்சம் கோடிக் கார்பன் அணுக்களுக்கு ஏறக்குறைய ஒன்று. மரம் செத்ததும் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் தொடரும். பாதி தீர 5,730 ஆண்டு; இதற்கு அரைவாழ்வுக் காலம் என்று பெயர். அதாவது புளியங்கொட்டையை ஒருமுறை போடுவதற்கு 5,730 ஆண்டு. அமெரிக்க வேதியியலாளர் வில்லர்டு லிபி, இதை வைத்து வயதைக் கணக்கிடும் முறையை 1940களின் கடைசியில் உருவாக்கி, 1960இல் நோபல் பரிசு வாங்கினார். அன்றைக்கு வெட்டிய மரத்தின் கரியில் ஒரு கிராமை எடுத்தால், அதில் நிமிடத்துக்கு 13, 14 அணுக்கள் உடையும். நம் நாடி அந்த நேரத்தில் எழுபது முறைக்கு மேல் துடித்துவிடுகிறது. 2,300 ஆண்டுப் பழைய அடுப்புக் கரியில் உடைவது நிமிடத்துக்குப் பத்துச் சொச்சம். பதினான்குக்கும் பத்துக்கும் உள்ள இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் சங்ககாலம்வரை போய்வருகிறோம்.

கடைசியாக, அழகன்குளத்து ஓடுகளில் மிகவும் பேசப்பட்ட ஒன்று. அதில் எழுத்து இல்லை, படம் இருக்கிறது. யாரோ ஒரு கப்பலைக் கீறியிருக்கிறார்கள். மூன்று பாய்மரம். பழங்காலக் கடலோட்டத்தில் பெரிய புலமையுள்ள அமெரிக்க அறிஞர் லயனல் கேசன், இதைப் பெரிய ரோமானிய வணிகக் கப்பல் என்று அடையாளம் கண்டார். ஒரு சிக்கல் உண்டு. தெற்கேயிருந்து பாக் நீரிணைக்குள் வர, ராமர் பாலம் எனப்படும் மணல்திட்டு வரிசை குறுக்கே நிற்கிறது. ஒன்றிரண்டு மீட்டரே ஆழமுள்ள இடங்கள் அங்கே ஏராளம்.

இதையும் முற்றத்தில் பார்க்கலாம். அண்டாவில் தண்ணீர் ஊற்றி, ஒரு சிரட்டையையும் ஒரு தட்டையான தகரத் தட்டையும் மிதக்கவிடுங்கள். இரண்டிலும் ஒரே எடை மணலைப் போடுங்கள். சிரட்டை ஆழமாக அமிழும், தட்டு கொஞ்சமே அமிழும். எடை ஒன்றுதான், அகலமான அடி, அதே அளவு தண்ணீரைக் கொஞ்ச ஆழத்திலேயே விலக்கிவிடுகிறது. பாக் நீரிணை ஓரத்து மீனவர்களின் வத்தைக்கு அடி தட்டையாக இருப்பது தற்செயல் இல்லை. அடி ஆழமான பெரிய கப்பல் அழகன்குளம்வரை வந்ததா, வேறெங்கோ சரக்கை இறக்கிவிட்டுப் போக, அதைப் பார்த்தவன் மட்டும் இங்கே வந்தானா? கீறல் அதைச் சொல்லாது. பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்; வாடைக்காற்றிலா கச்சான் காற்றிலா வந்திருப்பான் என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் பாடம் நன்றாகவே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தெற்குக் கரையில் பெரியபட்டினம் என்ற இன்னொரு பழைய துறைமுகம் இருக்கிறது. அங்கே கிடைத்தவை சீனப் பீங்கான் துண்டுகள். 13, 14ஆம் நூற்றாண்டுச் சரக்கு. இரண்டு துறைமுகத்துக்கும் நடுவே ஒரு பேருந்துப் பயணமும் ஆயிரம் ஆண்டும் கிடக்கின்றன. ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. குவளை சுட்ட கையோடு பிள்ளையை அங்கே கூட்டிப்போனால், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கும் நேரம் கூடும்.

ஒன்று மட்டும். சோதனைக்கு நீங்கள் செய்து நீங்களே உடைத்த சில்லு போதும். அழகன்குளத்திலோ பெரியபட்டினத்திலோ தரையில் கிடப்பதைப் பொறுக்கி வராதீர்கள். இடத்தைவிட்டு எடுத்த சில்லு, மூன்று எண்களையும் இழந்த சில்லு. கடற்கரையில் பவளக்கல் எடுப்பதும் வேண்டாம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வயலில் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ காசு, நகை என்று ஏதாவது தானாகவே தட்டுப்பட்டால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. அந்தக் கடிதத்தை எழுதும் பொறுப்பைப் பிள்ளையிடமே விடலாம். மூன்று எண்களையும் சேர்த்து எழுதிவிட்டால் தொல்லியல் துறைக்காரர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.